காந்தத்தோடு விட்பிக்குப் போனது

கனடாவுக்குப் போகிறவர்கள் மிளகாய்த்தூள் கொண்டுபோவார்கள். சிலர் கருவாடு கொண்டுபோய் விமான நிலையத்தில் பறிகொடுப்பார்கள். நான் கொண்டுபோனது ஒரு காந்தம். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றியது. பெயின்ற்றில் கீறல் விழாமல் இருக்க, இடுப்பில் கட்டுகிற சறத்துத் துணியில் பொதிந்து தைத்து வைத்திருக்கிறேன். கொழும்பில் இந்தக் காந்தத்தைக் கண்டால் கார்த் தரகர்களுக்கு முகம் கறுத்துப் போகும். ரொறன்ரோவில் ஒரு அதிகாரி அதைப் பையிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மேசைக் காலில் ஒட்டிப் பார்த்தான். இது என்ன என்று கேட்டான். “கார் டொக்டர்” என்றேன். சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தான். ஏன் சிரித்தான் என்று வெளியே வரும்வரை யோசித்தேன். காரணமில்லாமல் சிரிக்கிற அதிகாரியை நான் எங்கள் நாட்டில் கண்டதில்லை.

நான் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என் மகள் வசந்தி தொலைபேசியில் அழாக்குறையாகச் சொன்னாள்.

“அப்பா, இவருக்கு விசர் பிடிச்சிட்டுது. முப்பது வருசப் பழைய அமெரிக்கக் கார் ஒண்டு வேண்டப் போறாராம். ரெண்டு கதவுதான். பெற்றோலைத் தண்ணி மாதிரிக் குடிக்குமாம். கைப்பிள்ளையை வைச்சுக்கொண்டு உது தேவையோ? நான் சொன்னால் கேக்கிறார் இல்லை. நீங்கள் வந்து பாருங்கோ. நீங்கள் பார்த்து வேண்டாமெண்டு சொன்னால் கேக்கிறனெண்டு சொல்லிப்போட்டார்.”

கேட்காமல் இருப்பாரா? நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் மண்ணெண்ணெயில் வாகனச் சாமான் கழுவின கராச்சில்தான். இன்றைக்கு வாகன உதிரிப்பாகக் கடை இரண்டு வைத்திருக்கிறேன், லொறிகள் ஓடுகின்றன. டொக்டர்மாரும் கோட்டில் வாதாடுகிற அப்புக்காத்துமாரும் கார் வாங்க முன்னம் என் கடை வாசலில் வந்து நிற்பார்கள். நான் வேண்டாம் என்று சொன்ன வாகனத்தை வாங்கி உருப்பட்டவனை எனக்குத் தெரியாது. கடையை என் மனிசியிடம் ஒப்படைத்துவிட்டுக் காந்தத்தோடு விமானம் ஏறினேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவதற்காக.

மருமகன் குகன் விமான நிலையத்துக்கு ஒரு ஜப்பான் காரில் வந்திருந்தார். நல்ல பிள்ளை. ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. வாய் திறந்து பேசுவது குறைவு. பேசாத ஆட்களை நான் எப்போதும் இரண்டு தரம் பார்ப்பேன்.

அவருடைய காரின் கீழ்ப்பகுதி முழுக்க வெள்ளை பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

“தம்பி, காரைக் கடலுக்கை விட்டனீரோ?”

“இல்லை மாமா. பனிக் காலத்தில ரோட்டுக்கு உப்புப் போடுறவங்கள். வழுக்காமல் இருக்க.”

“ஆர் போடுறது?”

“அரசாங்கம்.”

வாகனத்தின் இரும்பெல்லாம் கறள் பிடித்துச் சாகட்டும் என்று ஒரு அரசாங்கமே உப்பை அள்ளி வீதியில் கொட்டும் என்பதை நம்புகிற ஆள் நானல்ல. இதில் யாரோ கார் விற்கிறவர்களின் கை இருக்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். அப்போது சித்திரை மாதம். வீதி ஓரங்களில் கரி பூசின மாதிரிப் பனிக் குவியல்கள் இன்னும் கரையாமல் கிடந்தன.

மகளின் வீடு ஸ்காபரோவில் ஒரு மாடிக் கட்டிடத்தில். லிஃப்டில் ஏறினால் ஒரு மாடியில் மீன் பொரியல் மணம், அடுத்ததில் சாம்பிராணி, அதற்கடுத்ததில் எனக்குத் தெரியாத வேறு நாட்டு இறைச்சி. அடுத்த நாள் கீழே தமிழ்க் கடையில் மட்டன் ரோல் வாங்கித் தின்றேன். கொழும்பு ரோலைவிடப் பெரிது. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தின்றேன். இறைச்சிதான், கூடவே நிறையக் கிழங்கு. கடைக்காரனிடம், “தம்பி, உதுக்குப் பேர் கிழங்கு ரோல் எல்லோ?” என்றேன். “ஐயா வந்து எத்தினை நாள்?” என்று கேட்டான். “ஒரு நாள்.” “ஒரு மாதம் போகட்டும். பிறகு நீங்களே மட்டன் எண்டு சொல்லுவியள்.”

கோப்பிக் கடையில் கடதாசிக் கோப்பையில் ஒரு செம்பளவு கோப்பி தந்தார்கள். இவ்வளவு தருகிறார்கள் என்றால் இதில் பால் எவ்வளவு, கோப்பி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கேட்கத் தோன்றாதா?

சனிக்கிழமை குகன் என்னைக் கார் பார்க்கப் பிறம்ரன் என்கிற ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே போகிற வழியெல்லாம் சாமான் கிடங்குகளும் லொறிகளும். அந்த லொறிகளைக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என்னுடைய லொறிகளை அவற்றின் பெட்டிக்குள் ஏற்றிக்கொண்டு போகலாம். இதைக் கொழும்பில் யாரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

கார் விற்க வைத்திருந்தவன் நம்முடைய ஆள். பழைய அமெரிக்கக் கார்களை வாங்கித் திருத்தி விற்பதுதான் தொழிலாம். சிவப்பு மஸ்டாங். வெயில் பட்டுக் கண் கூசியது. நான் இறங்கும்போதே கையைப் பிடித்துக்கொண்டான்.

“வாங்கோ ஐயா, வாங்கோ. ஊரில எவடம்?”

“சாவகச்சேரி.”

“சாவகச்சேரியோ! என்ர பெரியம்மாவின்ர மகளை அங்கதான் கட்டிக் குடுத்தது. அப்ப நாங்கள் சொந்தமெண்டு சொல்லுங்கோ.”

காரைக் காட்ட முன்னம் சொந்தம் கொண்டாடினால் எனக்கு உள்ளே ஒரு கதவு சாத்திக்கொள்ளும். காந்தத்தை எடுத்தேன். கூரையில் வைத்தேன், பிடித்தது. எஞ்சினுக்கு மேல் மூடியிருக்கிற பொனற்றில் பிடித்தது. பின் மட்காட்டில் வைத்துக் கையை எடுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்து என் சப்பாத்தில் விழுந்தது.

“ஐயா, உது என்ன?”

“காந்தம் தம்பி.”

“ஏன் விழுகுது?”

“அதைத்தான் நானும் உம்மட்டைக் கேக்கிறன்.”

“இஞ்சத்தைக் குளிருக்குக் காந்தம் பிடிக்காது ஐயா.”

“கூரையில பிடிச்சதே?”

“கூரையில வெயில் படுதெல்லே.”

அவன் முகத்தில் சிரிப்புக் கொஞ்சமும் மாறவில்லை. கெட்டிக்காரன், என் கடையில் வேலைக்கு வைத்திருந்தால் நல்லாக வந்திருப்பான். இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் பட்டி, ஓட்டை அடைக்கிற பசைச் சாந்து. பட்டிக்கு மேலே பெயின்ற். தட்டினால் மரப்பெட்டிச் சத்தம். கதவின் கீழ் விளிம்பை நகத்தால் நோண்டினேன், கறள் பொலபொலவென்று கொட்டியது. அப்போதுதான் மருமகன் சொன்ன உப்பின் மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

திரும்பி வரும் வழியில் ஒரு பஞ்சாபிக் கடையில் சாப்பிட்டோம். ரொட்டி, கடலைக் கறி, பச்சை மிளகாய் முழுதாக. நான் வயிறாரச் சாப்பிட்டேன். குகன் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

“உமக்கு ஏன் தம்பி உந்த ஆசை? நல்ல ஜப்பான் கார் நிக்குது.”

“ஒண்டுமில்லை மாமா. சும்மா.”

சும்மா என்பவர்களிடம் ஒன்று இருக்கும். யாருக்காவது படம் காட்டவோ? கூட வேலை செய்கிறவர்களுக்கு எடுப்புக் காட்டவோ? வீட்டுக்கு வந்ததும் வசந்தி என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள். அன்றைக்கு நண்டுக் கறி. வென்றவனுக்குப் போடுகிற மாதிரிப் பெரிய நண்டாகப் பார்த்து எனக்குப் போட்டாள். குகன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வெறும் சோற்றைக் குழைத்தார். பிள்ளை கைதட்டிச் சிரித்தது. வந்த வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன்.

முடியவில்லை. வியாழக்கிழமை காலை, குகன் வேலையால் வந்த உடுப்போடேயே வந்து என் முன்னால் நின்றார்.

“மாமா, விட்பியெண்ட ஊரில ஒண்டு இருக்கு. இதே மொடல். அதையும் ஒருக்காப் பாருங்கோ. வேண்டாமெண்டு சொன்னால் பிறகு இந்தக் கதையே எடுக்க மாட்டன்.”

“என்ன விலை?”

சொன்னார். பிறம்ரன்காரன் கேட்டதில் பாதி. பாதி விலைக்கு வருகிற வாகனம் என்றால் அது திருட்டு, அல்லது தீப்பிடித்தது, அல்லது ஆற்றில் விழுந்தது. நான்காவதாக இன்னொன்றும் இருக்கிறது. அதற்குள் யாராவது செத்திருப்பார்கள். சாவு நடந்த வாகனத்தை என் தொழிலில் ஒரு நாளும் வைத்திருந்ததில்லை. நல்ல லொறி ஒன்று, மேட்டில் அதற்குள் ஒரு கிளீனர் பெடியன் செத்துப்போனான், அடுத்த கிழமையே வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். இரும்புக்கு ஞாபகம் இருக்கிறது என்பது என் எண்ணம். வசந்தியும் இதைக் கேட்டு வளர்ந்தவள்தான்.

சனி காலை ஜப்பான் கார் இயங்க மறுத்தது. பற்றறி இறங்கிப் போயிருந்தது. அதனால் ரயிலில் போனோம். பச்சை வெள்ளைப் பெட்டிகள், இரண்டு மாடி. நான் மேல் மாடியில் டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி இருந்தேன். விட்பி வரைக்கும் ஒருவனும் வந்து கேட்கவில்லை. “சோதிக்க மாட்டினமோ?” என்றேன். “சில நாளைக்குத்தான் மாமா.” அப்படியென்றால் டிக்கெட் வாங்காதவர்கள்? “வேண்டுவினம் மாமா.” சோதிக்காமலே வாங்குகிற சனம். இறங்கின பிறகும் அந்த டிக்கெட்டை எறியாமல் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பிறகு எங்கேயாவது மறித்துக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

ஸ்டேசனிலிருந்து டாக்சி. போகப் போகப் புது வீடுகள், ஒரே செங்கல் நிறம், ஒரே முகம். அவற்றின் ஓரத்தில் ஒரு பழைய பலகை வீடு தனியாக நின்றது. அதுதான் இடம். முன்னுக்கு வந்தவள் உயரமான ஒரு வெள்ளைக்கார மூதாட்டி. மார்கரெட் என்று பெயர். ஆம்பிளை ஜக்கெற் போட்டிருந்தாள், கை நீளம், மடித்து விட்டிருந்தாள்.

கராச் கதவைத் தூக்கினாள். கரும்பச்சை மஸ்டாங், அறுபத்தொன்பதாம் ஆண்டு. மினுக்கம் குறைவு. எனக்கு அது பிடித்தது, பிடித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

மனிசி சொல்லச் சொல்லக் குகன் தமிழாக்கினார்: “மணிக்கூடு வேலை செய்யாதாம். மற்றப் பக்கக் கண்ணாடி இறுகுமாம். கொஞ்சம் ஒயில் குடிக்குமாம். பின் சீற்றில ஒரு தையல் விட்டுப்போச்சாம்.”

இவ்வளவு வயதுக்கு, விற்கிற சாமானின் பிழையைத் தானே எடுத்துச் சொல்கிற ஆளை நான் கண்டதில்லை. சின்னப் பிழைகளை எண்ணிக் காட்டினால் பெரிய பிழையைக் கண்ணுக்கு முன்னால் இருந்து நகர்த்துகிறார்கள் என்று அர்த்தம். காந்தத்தை எடுத்தேன். அதைக் கண்டதும் மனிசி விறுவிறென்று வீட்டுக்குள் போனாள்.

“பொலிசுக்கு ரெலிபோன் அடிக்கப் போறா,” என்றேன்.

“சும்மா இருங்கோ மாமா.”

அவள் திரும்பி வந்தபோது கையில் ஒரு பொட்டலம். கம்பளித் துணியைப் பிரித்தாள். உள்ளே ஒரு காந்தம். என்னுடையதைவிடச் சின்னது. கார் பார்க்கப் போகிற இடமெல்லாம் அவளுடைய மனிசன் அதைக் கொண்டுபோவாராம், அவளுக்கு வெட்கமாக இருக்குமாம். என் சறத்துத் துணியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

கூரை, கதவு, மட்காட், எல்லா இடமும் வைத்துப் பார்த்தேன். நல்ல காற்சட்டையோடேயே நிலத்தில் மட்டையைப் போட்டுக் கீழே படுத்துத் தரைத் தகட்டிலும் வைத்தேன். அட்டை மாதிரிப் பிடித்தது. இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்த மனிசன் பழுதான தகட்டையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகட்டைப் பற்றவைத்து ஒட்டியிருந்தான். ஒட்டின இடங்களை அரத்தால் அராவி அராவி, விரலால் தடவினாலும் தெரியாத மாதிரி. ஒருவரும் பார்க்கப் போகாத இடத்தில் இப்படி வேலை செய்திருக்கிறான் என்றால் அவன் மற்றவர்களை மட்டுமல்ல, தன்னையும் நம்பாதவன். என்னுடைய சாதி ஆள்.

பிழை ஒன்றும் இல்லை. அதுதான் பெரிய பிழை. எழும்பித் தூசி தட்டிக்கொண்டு, “ஏன் விலை குறைவெண்டு கேளும்,” என்றேன்.

குகன் கேட்டார். மனிசி பேசத் தொடங்கினாள். நின்று நின்று பேசினாள். டிரைவர் கதவைத் திறந்து சீற்றில் ஒருக்காத் தட்டினாள். இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டி ஸ்டீயரிங் பிடிக்கிற மாதிரிக் காட்டினாள். ஜக்கெற் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். தோட்டத்து மரத்தில் ஒரு குருவி கத்தி முடிந்து பறந்தும் போய்விட்டது, அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

“என்னவாம்?”

“அவவின்ர மனிசன் செத்துப்போனாராம் மாமா.”

“எங்க?”

“ஆசுப்பத்திரியில.”

அவ்வளவுதான். அவ்வளவு நீள இங்கிலிசுக்கு இவ்வளவு கட்டைத் தமிழ். எனக்கு இங்கிலிசு தெரியாது, உண்மை. ஆனால் வாகனச் சாமான் எல்லாவற்றுக்கும் இங்கிலிசுப் பெயர் தெரியும். சீற் என்றாள், ஸ்டீயரிங் என்றாள், கீ என்றாள். ஆஸ்பத்திரியில் ஸ்டீயரிங்குக்கு என்ன வேலை? குகன் என் கண்ணைப் பார்க்காமல் கார் ரயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பேருமாகச் சேர்ந்து எனக்கு ஏதோ ஒளிக்கிறார்கள்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. “சரிவராது” என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடக்க வேண்டும். கேற்றைத் தாண்ட முன்னம் விற்கிறவன் கூப்பிடுவான். கூப்பிட்டால் விலை இறங்கும், ஒளித்ததும் வெளியில் வரும். கூப்பிடாத ஆளை நான் கண்டதில்லை.

“சரிவராது,” என்றேன். நடந்தேன்.

அந்த வீட்டுக்குக் கேற் இல்லை. எங்கே முடிகிறது என்று தெரியாமல் வீதிக்கு வந்துவிட்டேன். கூப்பிடவில்லை. கொஞ்சம் மெதுவாக நடந்தேன். அப்போதும் இல்லை. பிறகுதான் தெரிந்தது, நான் கால் நீட்ட நடந்துவிட்டு வரப் போகிறேன் என்று மனிசி நினைத்திருக்கிறாள். போகிறவனை மறிப்பது அந்த நாட்டில் மரியாதை இல்லையாம். குகனோ மாமாவுக்குக் கோபம், தனியாக விடுவோம் என்று நின்றிருக்கிறார். எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. கூப்பிடாமல் திரும்பிப் போனால் என் மானம் என்னாவது? மூலையில் திரும்பினேன். இன்னொரு மூலையிலும் திரும்பினேன்.

புது வீடுகளுக்குள் போய் மாட்டிக்கொண்டேன். எல்லா வீடும் ஒன்று. முன்னுக்குக் கராச், பக்கத்தில் கம்பில் கட்டின ஒரு மெலிந்த மரக்கன்று. வீதியில் ஒரு மனிதன் இல்லை, சைக்கிள் இல்லை, வழி கேட்க ஒரு பெட்டிக் கடை இல்லை. ஒரு கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நாய் என்னைப் பார்த்தது. வந்த வழியால் திரும்பி வந்தேன் என்றுதான் நினைத்தேன், அதே நாய் திரும்பவும் பார்த்தது. வேறு நாயாகவும் இருக்கலாம். கொழும்பில் கண்ணைக் கட்டி விட்டாலும் ஒயில் மணத்தைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்து சேருகிறவன் நான். இங்கே ஒரு மணமும் இல்லை. காற்று காதை அறுத்தது. சப்பாத்து கொழும்புச் சப்பாத்து. இதற்குள் அவர்கள் இரண்டு பேரும் பின்னால் கையெழுத்துப் போட்டு முடித்திருப்பார்கள், மகள் முகத்தில் நான் எப்படி முழிப்பது என்று யோசித்துக்கொண்டு ஒரு மரக்கன்றைப் பிடித்தபடி நின்றேன்.

அப்போது சத்தம் கேட்டது. தூரத்தில், வீடுகளுக்கு அங்காலே. எட்டுச் சிலிண்டர். நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒன்று தவறவில்லை, ஒன்று பிந்தவில்லை. அடி வயிற்றில் இருந்து வருகிற சத்தம், முரட்டுத்தனம் இல்லாமல். அந்தச் சத்தத்தில் பொய் இல்லை. இதை எழுதித் தரச் சொன்னாலும் எழுதித் தருவேன்.

கரும்பச்சைக் கார் மூலையில் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தது மார்கரெட். பக்கத்தில் குகன், முகம் வெளிறிப்போய்.

“மாமா, எங்க போனனீங்கள்? எவ்வளவு நேரமாத் தேடுறம்!”

“பார்த்துக்கொண்டு நிண்டனான். வீடுகள் நல்லாக் கட்டியிருக்கிறாங்கள்.”

பின் சீற்றில் என்னை மடித்து ஏற்றினார்கள். முழங்கால் நாடியில் முட்டியது. வசந்தி சொன்னது சரி, அந்த இடத்தில் பிள்ளையை வைக்கலாம், பெரிய ஆளை வைக்க முடியாது. மனிசி கண்ணாடியில் என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். சிரித்துக்கொண்டு, கை ஸ்டீயரிங்கில் தளர்வாக. தன்னுடைய வீட்டுக் கதிரையில் இருக்கிற மாதிரி இருந்தாள்.

“இப்ப என்ன சொன்னவ? முழுக்கச் சொல்லும். வெட்டாமல்.”

குகன் திரும்பாமலே சொன்னார்.

“மனிசன் இந்த டிரைவர் சீற்றில இருந்துதான் மாமா செத்தவர். கனகாலம் திருத்தித் திருத்தி, எல்லாம் முடிச்சு, முதல் முறையா ஸ்டார்ட் பண்ணினவராம். சத்தத்தைக் கேட்டு இவ தேத்தண்ணியோட ஓடி வந்தாவாம். ரெண்டு கையும் ஸ்டீயரிங்கில, சிரிச்ச முகம். எஞ்சின் ஓடிக்கொண்டே நிண்டதாம். இவதான் கீயைத் திருப்பி நிப்பாட்டினவ. பிறகு கனபேர் கேட்டு வந்தவையாம். வேண்டித் திருப்பி விக்கிற ஆக்களுக்குக் குடுக்க மாட்டாவாம். தன்ர காரா வைச்சு ஓடுற ஆளுக்குத்தானாம். அதுதான் விலை குறைவு.”

“எனக்கேன் ஒளிச்சனீர்?”

“நீங்கள் வசந்தியிட்டைச் சொல்லுவியள். பிறகு அவள் பிள்ளையை இதுக்குள்ள ஏத்த மாட்டாள்.”

எதை நினைத்துப் பயந்தேனோ அதுவே. வேண்டாம் என்று சொல்ல நல்ல காரணம் கைக்குள் வந்துவிட்டது. என் மகள் என்னை அழைத்ததும் அதற்குத்தான். ஆனால் புருசன் செத்த இடத்தில் இருந்துகொண்டு பெண்சாதி இப்படி ஓட்டுகிறாளே என்பதை விட்டு என் கண் நகரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மார்கரெட் தேத்தண்ணியும் அப்பிள் பணியாரமும் தந்தாள். பணியாரத்தில் கறுவாப்பட்டைத் தூள் கூட. கறுவா எங்கள் நாட்டுச் சாமான் என்றேன். குகன் சொன்னார். அவளுக்கு அது தெரியாதாம். இன்னொரு துண்டு வைத்தாள்.

அவள் பாத்திரம் கழுவப் போன நேரம் கராச் வாசலில் நின்று குகனைக் கேட்டேன்.

“இப்பவாவது சொல்லும். ஏன் உந்தக் கார்?”

“சத்தம் மாமா.”

“சத்தமோ?”

“வந்த புதுசில பார்க்டேலில ஒரு நிலக்கீழ் அறையில கனபேர் இருந்தனாங்கள். யன்னலுக்கு மேலதான் பக்கத்து வீட்டுக்காரன் கார் விடுற இடம். இதே மாதிரிக் கார். காலமை அவன் ஸ்டார்ட் பண்ணினால் நாங்கள் எல்லாரும் தூக்கத்திலயே பாயில இருந்து உருண்டு நிலத்தில குப்புறப் படுத்திடுவம். பிறகு ஆளையாள் பார்த்துச் சிரிப்பம். ஒருநாள் நான் மேல வந்து பார்த்தனான். அவன் கீயைத் திருப்ப, நிண்டுட்டுது. அவ்வளவு சத்தமும் அப்பிடியே நிண்டுட்டுது மாமா.” ரயரைக் காலால் தட்டினார். “ஊரில கேட்ட குண்டுச் சத்தம் ஒண்டையும் நான் நிப்பாட்டேலாது. இதை நிப்பாட்டலாம்.”

டிரைவர் கதவைத் திறந்து உள்ளே இருந்தேன். அந்த சீற்றில். பயமில்லாமல் இருந்தேன் என்று நீங்கள் நினைக்க வேண்டாம், முதுகு கூசியது. கையை ஸ்டீயரிங்கில் வைத்தேன். அந்த மனிசனுடைய விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடங்களில் என் விரலும் தானாகப் போய் இருந்தது. கீயைத் திருப்பினேன். எட்டுச் சிலிண்டரும் எழும்பின. முன்னால் சுவரில் அவனுடைய ஸ்பனர் சாவிகளும் அரங்களும் அளவு பார்த்து ஒழுங்காகத் தொங்கின. வேலை முடிந்த நேரம், சரியாக முடிந்தது என்று காதால் கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். என் தொழிலில் எத்தனை பேருக்கு அது கிடைக்கும்? எனக்குக் கிடைக்குமோ தெரியாது. நிறுத்தினேன்.

சமையலறை வாசலில் மார்கரெட் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். “கேக்கிறன் எண்டு சொல்லும்,” என்றேன் குகனிடம். “மழையில ஓடலாமோ?”

“மழையில ஓடச் சொல்லுறா மாமா. மூடி வைச்சால்தான் தனக்குக் கோவமாம். பனிக்கு மட்டும் வெளியில எடுக்க வேண்டாமாம். உப்பாம்.”

அந்த ஒரு சொல்லில் அவளை முழுக்க நம்பினேன். விலையை ஒரு சதமும் குறைக்கக் கேட்கவில்லை. என் தொழில் வாழ்க்கையில் முதல் தரம்.

கடதாசி வேலைகள் முடிந்து அடுத்த சனிக்கிழமை கார் ஸ்காபரோவுக்கு வந்தது. மாடிக் கட்டிடத்தின் கார் நிறுத்துமிடத்தில் எல்லா நாட்டுச் சனமும் பால்கனிகளில் எட்டிப் பார்த்தார்கள். யாரோ மேலிருந்து கைதட்டினார்கள். யார் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

வசந்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். மற்றக் கையில் ஒரு பை எலுமிச்சம்பழம். நான் அவளுக்குத் தொலைபேசியில் சொன்னது, “பட்டி இல்லை, நல்ல சாமான், வேண்டலாம்” என்று மட்டும்தான். முதலில் அவள் நம்பவில்லை. பிறகு, அப்பாவே சொல்லிவிட்டார் என்று ஒத்துக்கொண்டாள்.

காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குனிந்து கீழே பார்த்தாள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான், சின்ன வயதில் கடையில் நின்று பழகின பார்வை. கைப்பிள்ளையைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டு, நான்கு ரயருக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். கற்பூரம் கொளுத்திக் காட்டினாள். குகன் ஏற வேண்டியதுதான் மிச்சம்.

“அப்பா.”

“என்ன பிள்ளை?”

“அந்த மனிசி ஏன் இவ்வளவு மலிவாக் குடுத்தவ?”

“அவவின்ர மனிசன் செத்துப்போனார்.”

“எங்க?”

குகன் பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். தொப்பியில் ஒரு பிழையும் இல்லை.

“ஆசுப்பத்திரியில,” என்றேன்.

வசந்தி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, தொப்பியை விட்டுவிட்டு ரயரைப் பார்த்துக்கொண்டு நின்ற தன் புருசனைப் பார்த்தாள். திரும்பவும் என்னைப் பார்த்தாள். பைக்குள் கையை விட்டு இன்னொரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, டிரைவர் கதவைத் திறந்து, சீற்றின் நடுவில் வைத்தாள். கொஞ்ச நேரம் கை கூப்பி நின்றாள். பிறகு அதை எடுத்துத் தூர எறிந்துவிட்டு, பிள்ளையை வாங்கிக்கொண்டு பின் சீற்றில் ஏறி இருந்தாள்.

“ஸ்டார்ட் பண்ணுங்கோவன்,” என்றாள். “சத்தத்தைக் கேப்பம்.”